மிதித்தால் மாறும் சுரக்கூட்டு

கல்லறைத் திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் எங்கள் கல்லூரி மாணவன் ஒருவன் கிதார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றில், கோயில் பாடகர் குழுவில் வாசிப்பவன் அவன். கிதாரை மடியில் கிடத்தி, இடக்கையில் எஃகு உருளை ஒன்றைப் பிடித்து, அதைக் கம்பிகளின்மேல் வழுக்கி வாசிக்கும் முறைக்கு ஹவாயன் கிதார் என்று பெயர். அதைத்தான் அவன் கற்றிருந்தான்.

"சார், திருவிழாப் பாட்டெல்லாம் இதில் வந்துவிடுகிறது. துக்கப் பாட்டுத்தான் வரமாட்டேன் என்கிறது. மைனர் கார்டு எங்கே இருக்கிறது என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடிவிட்டேன். கிடைக்கவில்லை" என்றான்.

அவன் சரியாகத் தேடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே உண்மை விளங்கியது. அவன் தேடிய பொருள் அந்தக் கம்பிகளில் எங்குமே இல்லை. உருளையை எங்கே வைத்தாலும் வராது. அது ஏன் வராது, அதை வரவழைக்க உலகில் வேறோரிடத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. பள்ளியில் நீங்கள் படித்த கம்பி அதிர்வு விதிகள் போதும். புதிய கணிதம் எதுவும் வேண்டாம்.

சுரக்கூட்டு என்பது என்ன?

நம் இசை சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது. மேலை இசை அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்குகிறது. ச, க, ப என்ற மூன்று சுரங்களையும் ஒரே நேரத்தில் ஒலித்தால் கிடைப்பது ஒரு 'கார்டு'. இதைத் தமிழில் சுரக்கூட்டு என்று சொல்லலாம்.

இந்தச் சுரங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் 1835-ல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்து 'நோட்டுசுவரங்கள்' என்ற உருப்படிகளைத் தந்தார். அவை சங்கராபரணத்தின் சுரங்களில் நடப்பவை. ச, க, ப என்று தாவிச் செல்லும் அந்த நடையைக் கேட்டவர்கள் சுரக்கூட்டின் சுரங்களைப் பிரித்துப் பிரித்துக் கேட்டவர்களே. சேர்த்துக் கேட்பது மட்டுந்தான் மீதி.

அதிர்வெண்களைப் பாருங்கள். ச-வை 1 என்று கொண்டால் அந்தர காந்தாரம் 5/4, பஞ்சமம் 3/2. ஆகவே ச, க, ப மூன்றும் 4 : 5 : 6 என்ற விகிதத்தில் நிற்கின்றன. இது மேஜர் கூட்டு. நிறைவான, மகிழ்ச்சியான ஒலி என்று பலரும் சொல்வது. மைனர் கூட்டில் விகிதம் 10 : 12 : 15. இரண்டிலும் முதல் சுரத்துக்கும் மூன்றாம் சுரத்துக்கும் உள்ள விகிதம் 2 : 3 தான். நடுச் சுரம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. அந்தச் சிறு மாற்றமே திருவிழாப் பாட்டுக்கும் துக்கப் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு.

உருளையால் ஆவதும் ஆகாததும்

கம்பியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள். நீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும். இழுவிசை கூடினால், அதன் இருமடி மூலத்துக்கு ஏற்பக் கூடும். கம்பியின் கனம் கூடினால் குறையும்.

எஃகு உருளை மாற்றுவது நீளத்தை மட்டுமே. ச, க, ப எனச் சுருதி சேர்த்த மூன்று கம்பிகளின்மேல் உருளையை நேராக வைத்து, மூன்றின் நீளத்தையும் மூன்றில் இரண்டு பங்காக்குங்கள். மூன்று அதிர்வெண்களும் ஒன்றரை மடங்காகும். 4, 5, 6 என்றிருந்தவை 6, 7½, 9 ஆகும். சுருக்கிப் பாருங்கள்: மறுபடியும் 4 : 5 : 6! உருளையை வேறெங்கு வைத்தாலும் இதே கதைதான். எல்லா எண்களையும் ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதம் மாறாது. மேஜர் கூட்டு எந்தச் சுரத்துக்கு வேண்டுமானாலும் நகரும், ஒருபோதும் மைனராகாது. மாணவன் தேடித் தோற்றதன் காரணம் இவ்வளவுதான்.

உருளையைச் சாய்த்து வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வாசிப்பவர்கள் அதையும் செய்கிறார்கள். ஆனால் உருளை ஒரு நேர்கோடு. அதைச் சாய்த்து இரண்டு கம்பிகளை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம்; மூன்றாவது கம்பியும் நம் விருப்பப்படி வந்து நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. மைனர் கூட்டுக்கு முதலும் மூன்றும் நகராமல் நடுக்கம்பி மட்டும் மாற வேண்டும். நேர்கோட்டால் அது முடியாது.

வீணை காட்டும் வழி

நீளம் வழிவிடாதபோது மீதியிருப்பது இழுவிசை. வாசிக்கும்போதே இழுவிசையை மாற்றுவது நமக்குப் பழகிய வேலை. வீணை வாசிப்பவரின் இடக்கையைக் கவனியுங்கள். மெட்டின்மேல் அழுத்திய தந்தியை அவர் பக்கவாட்டில் இழுக்கிறார். தந்தி விறைக்கிறது, சுரம் மேலே ஏறுகிறது. நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்க, இழுவிசை மட்டும் மாறிப் பிறக்கும் கமகம் அது.

நம்மிடமே இன்னொரு வாத்தியமும் உண்டு. கோட்டுவாத்தியம் என்றும் சித்திரவீணை என்றும் சொல்லப்படுவது. இதில் மெட்டு கிடையாது. கருங்காலி போன்ற கனமான மரத்தில் கடைந்த உருளையைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிப்பார்கள். திருவிடைமருதூர் சகாராம் ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி, நாராயண ஐயங்கார் ஆகியோர் இதில் புகழ் பெற்றவர்கள். இங்கே கமகம் முழுவதும் நீளத்தின் மாற்றத்தால் பிறக்கிறது.

வீணையில் இழுப்பு, சித்திரவீணையில் வழுக்கல். இரண்டையும் ஒரே கருவியில், ஒரே நேரத்தில் வைத்தால்? இடக்கை உருளையைப் பிடித்திருக்கிறது. வலக்கை மீட்டுகிறது. கம்பியை இழுக்கக் கை ஏது? கால்கள் சும்மாதானே இருக்கின்றன!

பெடல் ஸ்டீல் கிதார் பிறந்த கதை

உருளையால் கிதார் வாசிக்கும் முறை ஹவாய்த் தீவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. ஓவாஹு தீவைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு என்ற இளைஞரையே அதன் தந்தை என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருக்கும் முன்னதாக ஹொனலூலுவில் இப்படி வாசித்தவர் என்று கேப்ரியல் டேவியன் என்பவரையும் ஒரு பழைய செய்தி குறிப்பிடுகிறது. அவர் இந்தியாவில் பிறந்து கப்பலேறிப் போனவராம். உண்மை எதுவாயினும், துறைமுகம் உள்ள ஊர்க்காரர்களாகிய நமக்கு இது வியப்பல்ல. சரக்கோடு இசையும் கப்பலில் ஏறித்தானே போகிறது!

அங்கிருந்து அந்த வாசிப்பு அமெரிக்காவுக்குப் போனது. டௌ மோ என்ற ஹவாய்க் கலைஞர் மூலம் கல்கத்தாவில் வேரூன்றியது. அந்த மரபின் வழியில், கிதாரை இந்திய இசைக்கு ஏற்ப மாற்றி 'மோகன வீணை' அமைத்த விசுவ மோகன் பட் 1994-ல் கிராமி பரிசு பெற்றதை நீங்கள் அறிந்திருக்கலாம். அவர் வாசிப்பது இராகம். ஆகவே சுரக்கூட்டுப் பிரச்சினை அவருக்கு எழவில்லை.

அமெரிக்காவில் எழுந்தது. முதலில் ஒரே கருவியில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சுருதி சேர்த்துப் பார்த்தார்கள். கருவி மேசைபோல் கனத்தது. பின்னர்க் கம்பியைக் காலால் இழுக்கும் பெடல்கள் வந்தன. பட் ஐசக்ஸ் என்பவர், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து வாசித்த ஒரு பாட்டு 1954-ல் பெரும் வரவேற்பைப் பெற்றது. கூட்டின் ஒரு சுரம் நிற்க, மற்றவை வழுக்கி ஏறும் அந்த அழுகுரல் அதுவரை யாரும் கேட்டிராதது. பட்டி எம்மன்ஸ் முதலியோர் அதை மேலும் திருத்தினார்கள். 1930-கள் முதல் அமெரிக்கக் கருப்பின மக்களின் 'ஹவுஸ் ஆஃப் காட்' தேவாலயங்களில் ஆர்கனுக்குப் பதிலாக ஸ்டீல் கிதார் வாசிக்கப்பட்டு வருகிறது. பின்னாளில் அங்கும் பெடல் கருவி நுழைந்தது. நம் மாணவனுக்கு அது கோயில் வாத்தியம் என்று கேட்டதில் தனி மகிழ்ச்சி.

எந்தப் பெடல், எந்தச் சுரம்?

பெடல் ஸ்டீல் கிதாரில் பெரும்பாலும் பத்துக் கம்பிகள் இருக்கும். மிகப் பரவலான சுருதி 'ஈ9' எனப்படுவது. அதன் அடிப்படையான கம்பிகள் ச, க, ப என்பவையே. மேலும் கீழுமாக இவை திரும்ப வரும். மீதிக் கம்பிகளை இப்போது விட்டுவிடுவோம்.

முதல் பெடலை மிதித்தால் ப என்பது த ஆகும். இரண்டாம் பெடல் க-வை ம ஆக்கும். மூன்றாம் பெடல் மேல் ச-வை ரி ஆக்கி, அதன் பக்கத்துப் ப-வைத் த ஆக்கும். முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் உண்டு. அவற்றில் ஒன்று ச-வை அரைச் சுரம் இறக்கி நி ஆக்கும். இன்னொன்று ச-வை அரைச் சுரம் ஏற்றும்.

இனி உருளையை அசைக்காமல் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு தேடுவோம். ஒரு தாளில் நீங்களும் எழுதிப் பாருங்கள்.

எதையும் மிதிக்காவிட்டால் ச, க, ப: ச-வின் மேஜர் கூட்டு.

முதல் பெடலை மட்டும் மிதித்தால் ச, க, த. இதை த, ச, க என்று வரிசை மாற்றிப் படியுங்கள். அதிர்வெண்கள் 5/6, 1, 5/4. அதாவது 10 : 12 : 15. மைனர் கூட்டு கிடைத்துவிட்டது! ஒரே ஒரு கம்பியை ஏற்றியதால், ச-வின் மேஜர், த-வின் மைனராக மாறிவிட்டது. நாம் செய்யும் கிரகபேதந்தான் இது. ஆதார சுரத்தை மாற்றிக் கேட்கிறோம்.

முதல், இரண்டாம் பெடல்களைச் சேர்த்து மிதித்தால் ச, ம, த. இதை ம, த, மேல் ச என்று படியுங்கள்: 4/3, 5/3, 2. இது 4 : 5 : 6. ம-வின் மேஜர்.

இரண்டாம், மூன்றாம் பெடல்களை மிதித்தால் ரி, ம, த: ரி-யின் மைனர். ச-வை இறக்கும் நெம்புகோலைத் தள்ளினால் க, ப, நி: க-வின் மைனர்.

ப-வின் மேஜர் மட்டும் பாக்கி. முதல் இரண்டு பெடல்களையும் மிதித்தபடி உருளையை இரண்டு மெட்டுத் தூரம் நகர்த்துங்கள். ம-வின் கூட்டு 9/8 மடங்கு உயரும். 4/3-ஐ 9/8-ஆல் பெருக்கினால் 3/2. அதுதான் ப.

ஆக, இரண்டே இடங்களில் ஆறு கூட்டுகள். சாதாரணமான ஒரு பாட்டுக்கு இவையே தாராளம். தேடும் சூத்திரத்தை இப்படிச் சொல்லலாம்: பெடல் கூட்டின் வடிவத்தை மாற்றும், உருளை அந்த வடிவத்தை இடம் மாற்றும். ஒரே கூட்டைப் பல இடங்களில் பிடிக்கவும் இதுவே வழி. ச-வின் மேஜர் திறந்த கம்பியில் இருக்கிறது. ஏழாம் மெட்டில் (அதாவது 3/2 மடங்கில்) இரண்டு பெடல்களோடும் இருக்கிறது; 4/3 × 3/2 = 2 அல்லவா? முதல் பெடலோடு, ச-வை ஏற்றும் நெம்புகோலையும் தள்ளினால் த-வின் மேஜர் வரும். அதை மூன்றாம் மெட்டில் (6/5 மடங்கில்) பிடித்தால் 5/3 × 6/5 = 2; மீண்டும் ச-வின் மேஜர். வாசிப்பவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம்.

அரை மில்லிமீட்டர் வேலை

ப என்பதைத் த ஆக்க எவ்வளவு இழுக்க வேண்டும்? 3/2-லிருந்து 5/3-க்கு ஏற வேண்டும். விகிதம் 10/9. இழுவிசை இதன் வர்க்கத்தில், அதாவது 81-லிருந்து 100-ஆக உயர வேண்டும். கல்லூரிச் சுரமானியில் இதை எளிதில் சோதிக்கலாம். தாங்கியின் எடையையும் சேர்த்து 4 கிலோ 50 கிராம் தொங்கவிட்டு, அந்த ஒலியைப் ப என்று கொள்ளுங்கள். இன்னும் 950 கிராம் சேர்த்து 5 கிலோவாக்குங்கள். த ஒலிக்கும்.

உண்மைக் கருவியில் இந்தக் கம்பி ஏறக்குறைய 0.43 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகு. நீளம் சுமார் 62 சென்டிமீட்டர். விநாடிக்கு 247 அதிர்வுகள் தர வேண்டுமானால், சூத்திரப்படி இழுவிசை சுமார் 11 கிலோ எடைக்குச் சமம். பெடலை மிதித்ததும் அது 13 கிலோவைத் தாண்டும். இதற்கு ஆகும் நீட்சியை யங் குணகத்தைக் கொண்டு கணக்கிட்டால் வருவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான்! கால் பல மில்லிமீட்டர் இறங்குகிறது. தண்டுகளும் நெம்புகோல்களும் அதைச் சுருக்கி, கம்பி கட்டியுள்ள வளைந்த உலோக விரல் ஒன்றைச் சிறிதே திருப்புகின்றன. அவ்விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் திருகினால் நுட்பமாக அமைத்துவிடலாம். காலின் பலம் கூடினாலும் சுரம் அதற்குமேல் ஏறாது.

அரை மில்லிமீட்டரில் ஒரு முழுச் சுரம் ஏறுமானால், அதில் சிறு பிழைகூடக் காதில் விழுமல்லவா? அதுவே இக்கருவியின் பெரிய தொல்லை. பத்துக் கம்பிகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் உடலை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பெடலை மிதித்தால் அந்த இழுப்பு இன்னும் கூடுகிறது. உடல் இம்மியளவு வளைகிறது. மிதிக்காத கம்பிகள் தளர்கின்றன. நுனிகளின் இடைவெளி 0.02 மில்லிமீட்டர் குறைந்தாலே போதும். 415 அதிர்வுகள் தரும் மெல்லிய கம்பியில் விநாடிக்கு அரை அதிர்வுக்கு மேல் குறைந்துவிடும்.

தீராத ஒரு கணக்கு

இன்னொரு சிக்கல் கருவியில் இல்லை, எண்களிலேயே இருக்கிறது.

ப-வின் மேஜரில் வரும் ரி 9/8 ஆக இருக்க வேண்டும். ஆனால் ரி-யின் மைனரில், ம, த இரண்டோடும் ஒத்துப்போக வேண்டிய ரி 10/9. இரண்டும் ஒன்றல்ல, 81/80 என்ற சிறு இடைவெளி அவற்றைப் பிரிக்கிறது. ஒரே ரி இரண்டு கூட்டுகளிலும் தூய்மையாக ஒலிக்க முடியாது. கருவியை எவ்வளவு திறமையாகச் செய்தாலும் இது போகாது.

ஆர்மோனியமும் கீபோர்டும் இதற்கு ஒரு சமரசம் செய்கின்றன. பன்னிரண்டு அரைச் சுரங்களையும் சம அளவாக்கிவிடுகின்றன. 1917-ல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலில் ஆபிரகாம் பண்டிதர் சம இடைவெளிக் கணக்கையே வற்புறுத்தி வாதாடினார். அதில் வசதி உண்டு, விலையும் உண்டு. சமப் பங்கீட்டில் க என்பது 1.25 அல்ல, ஏறக்குறைய 1.26. ச-வின் ஒலி விநாடிக்கு 164.8 அதிர்வுகள் என்றால், அதன் ஐந்தாம் கிளைச்சுரம் 824. க-வின் நான்காம் கிளைச்சுரமும் அதுவாகவே இருக்க வேண்டும். ஆனால் சமப் பங்கீட்டில் அது 830-ஐத் தாண்டுகிறது. விநாடிக்கு ஆறு, ஏழு விம்மல்கள் கேட்கும். தனியே வாசிப்பவர் விம்மல் நிற்கும்வரை க-வை இறக்கிக்கொள்ளலாம். பக்கத்தில் கீபோர்டு ஒலித்தால் அதோடு மோத வேண்டியிருக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் காதுதான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் பலகை

கணக்கு முடிந்ததும் மாணவனுக்குக் கை துறுதுறுத்தது. பெடல் ஸ்டீல் கிதாரை விலை கொடுத்து வாங்குவது எங்களால் ஆகாத காரியம். மாம்பலகை ஒன்றில் மூன்று கம்பிகளைக் கட்டினோம். ப கம்பியின் முனையைச் சிறிய நெம்புகோலில் பொருத்தி, சைக்கிள் பிரேக் ஒயரால் கீழேயுள்ள மிதிகட்டையோடு இணைத்தோம். முதல் முறை மிதித்தபோது ப ஏறியது. ஆனால் ச, க இரண்டும் கூடவே இறங்கின. பலகை வளைந்துவிட்டது! மேலே சொன்ன தொல்லையை நான் புத்தகத்திலிருந்து அல்ல, அன்றைக்குத்தான் கற்றேன். அடியில் ஆங்கிள் இரும்பு ஒன்றை முடுக்கிய பிறகு பெருமளவு சரியாயிற்று. கடற்காற்றில் கம்பி துருப்பிடிப்பதற்குத்தான் இன்னும் மருந்து காணவில்லை. வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வைக்கிறோம்.

நவம்பர் 2-ஆம் நாளுக்குள் பலகை கோயிலுக்குப் போகும் அளவுக்குத் தேறவில்லை. அவன் வேறொரு வழி கண்டான். ச கம்பியை விட்டுவிட்டு க, ப இரண்டை மட்டும் மீட்டினான். அவை 5 : 6, மைனர் கூட்டின் முதல் இரண்டு சுரங்கள். மூன்றாவதைப் பாடுபவர்களின் குரல் நிரப்பியது. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அந்தப் பாட்டு நன்றாகவே அமைந்தது. கருவியில் இல்லாத சுரத்தை மனிதர்கள் தந்தார்கள்.

ஆனாலும் பலகையை அவன் விடவில்லை. நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் கல்லூரிச் சுரமானியில் 950 கிராமைச் சேர்க்கும்போது, பக்கத்தில் ச, க சுருதியில் இரண்டு கம்பிகளை ஒலிக்கவிடுங்கள். மகிழ்ச்சி துக்கமாக மாறும் அந்த இடத்தைக் காதால் கேட்டவர்கள் இழுவிசை விதியை ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.